தேதி தவறிய தண்ணீர்

காவிரிப் படுகையில் ஜூன் 12 என்று சொன்னால் போதும், எதற்கான நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் அது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அங்கே மதகு ஏறினால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்து விடுவார்கள். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்து, வாய்க்கால்களில் இறங்கி, கண்ணிகளில் புகுந்து, கடைமடையை எட்ட மேலும் பல நாள் ஆகும்.

அந்த ஒரு தேதியை நம்பித்தான் மற்ற தேதிகள் எல்லாம் நின்றன. ஜூன் பிற்பகுதியில் குறுவைக்கு நாற்று விட்டால், ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் அறுத்துவிடலாம். ஒரு போகம் மட்டும் போடும் நிலத்தில் ஆடியில் சம்பாவுக்கு நாற்று விட்டு, ஆவணி, புரட்டாசியில் நட்டால், ஐப்பசி மழை வரும்போது பயிர் இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கும். தண்ணீர் நின்றாலும் தலை வெளியே தெரியும். மார்கழிப் பனியில் கதிர் பால் பிடிக்கும். தை பிறந்தால் அறுப்பு. குறுவை எடுத்த வயலில் தாளடி நட்டவர்கள் மாசி வரை காத்திருப்பார்கள். அதன் பிறகு ஈரம் காயாத தரிசில் உளுந்தும் பயறும் பனிக்கே விளையும்.

இந்தக் கணக்கைப் படுகையில் யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஊருக்கு ஒரு நீர்கட்டி இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் பொறுப்பு. அறுவடையின்போது களத்தில் நெல்லாக அவருக்குக் கூலி அளந்தார்கள். வானிலை அறிக்கை என்று ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை. ஆற்றின் நிறம் மாறுவதையும் காற்று திசை மாறுவதையும் வைத்து அவர் முடிவெடுத்தார். பெரும்பாலும் அது பொய்க்கவில்லை. பெய்ய வேண்டிய மாதத்தில் மழை பெய்யும் என்பதும், நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கும் என்பதும் ஊருக்குப் பொதுவான சொத்தாக இருந்தன. எவரும் அதற்கு வரி கட்டவில்லை. இழந்த பிறகுதான் அதன் விலை தெரிகிறது.

பழைய நாட்களைப் பொற்காலமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கின் அடியில் பண்ணையார்களின் அதிகாரமும் சாதியின் கொடுமையும் இருந்தன. கூலி நெல்லைச் சிறிதளவு கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டார்கள். நேரத்துக்கு வந்த தண்ணீரால் யார் வயிறு நிறைந்தது என்ற கேள்வி அன்றும் இருந்தது. ஆயினும் அந்தக் கேள்வி மனிதர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதாக இருந்தது. மழையும் ஆறும் அதில் ஒரு தரப்பாகச் சேரவில்லை.

2012 முதல் எட்டு ஆண்டுகள் மேட்டூர் ஒருமுறைகூட ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2012இல் செப்டம்பர் நடுவில்தான் திறந்தார்கள். 2016இலும் செப்டம்பர். 2017இல் அக்டோபர் பிறந்துவிட்டது. அக்டோபரில் திறக்கும் தண்ணீருக்குக் குறுவை என்ற பெயரே பொருந்தாது. சம்பாவுக்கே அது காலம் கடந்த நீர். ஆடிப்பெருக்கு அன்று புதுவெள்ளத்தில் மஞ்சள் கரைத்துக் காதோலை கருகமணி விட்ட ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில், வறண்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து தலையில் தெளிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

இதற்கு முழுப் பொறுப்பையும் பருவநிலை மாற்றத்தின் மீது சுமத்துவது நேர்மையாகாது. காவிரிச் சிக்கல் 1924 ஒப்பந்தத்துக்கும் முந்தியது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தர வேண்டிய அளவை ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று வரையறுத்தது. ஆற்று மணல் அள்ளப்பட்டதும், கிளை வாய்க்கால்கள் தூர்ந்ததும் நம் கையால் நடந்தவை. ஆனால் பங்கு பிரிக்கும் தீர்ப்புகள் எல்லாம் சராசரி மழை பெய்யும் ஆண்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தச் சராசரி ஆண்டுதான் அரிதாகிக்கொண்டு போகிறது.

2020இலிருந்து நிலைமை திரும்பியது போலத் தோன்றியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜூன் 12இல் அணை திறந்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். குறுவைப் பரப்பு 5 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 2023இலும் தேதி தவறவில்லை. நம்பி நாற்று விட்டார்கள். பிறகு ஆகஸ்ட் வந்தது. இந்தியாவில் 1901க்குப் பிறகு அத்தனை வறண்ட ஆகஸ்டு பதிவானதில்லை. அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை தண்ணீர் ஓட வேண்டிய அணை அது. நட்ட குறுவையில் ஒரு பகுதி வயலிலேயே காய்ந்தது, சம்பாவைத் தொடங்கலாமா என்று தெரியாமல் பலர் நின்றார்கள்.

2024 இன்னும் விசித்திரமானது. ஜூன் 12இல் திறக்க அணையில் நீர் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியளவில் கிடந்தது. அதே ஜூலை முடிவதற்குள் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியது. வந்த நீரைத் தேக்க இடமின்றிக் கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, திருச்சிக்கு அருகே ஆற்றில் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. குறுவைக்குத் தண்ணீர் இல்லாத ஓர் ஆண்டில், ஒரே மாத இடைவெளியில், கடலுக்குப் போக விட வேண்டிய அளவுக்குத் தண்ணீர். இப்போது படுகையின் உழவர் சந்திப்பது இத்தகைய ஆண்டைத்தான். பஞ்சம், வெள்ளம் என்று தனித்தனியாக வந்தவை ஒரே பருவத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன.

ஆறு இப்படி என்றால் வானம் வேறு விதம். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் தமிழகத்துக்குத் தரும் சராசரி ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். 2016இல் அது 62 சதவீதம் குறைந்தது. நூறாண்டுக்கும் மேலான பதிவுகளில் அவ்வளவு வறண்ட பருவம் மிக அரிது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 2008 நவம்பரில், நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரு நாள் மழை 44 சென்டிமீட்டர். மாநிலம் முழுவதும் மூன்று மாதத்தில் சராசரியாகப் பெற வேண்டியதை அந்த ஊர் ஓர் இரவும் பகலும் சேர்ந்த நேரத்தில் வாங்கிக்கொண்டது.

காரணம் எளிய இயற்பியல். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் இறக்கவும் செய்யும். வங்கக் கடல் முன்னைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. அங்கிருந்து எழும் தாழ்வு மண்டலம் சுமந்து வரும் நீரும் அதற்கேற்பக் கூடுகிறது.

அன்றும் அடைமழை உண்டு. வாரக்கணக்கில் தூறிய ஐப்பசிகளைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். ஆனால் பரந்து பெய்த மழையை வடிகால்கள் வாங்கிக்கொண்டன. படுகையில் பாசன வாய்க்காலுக்கு இணையாக வடிகால் என்ற இன்னொரு வலை உண்டு. வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது கண்ணில் படாது. தண்ணீரைக் கொண்டுவருவது போலவே வெளியேற்றுவதும் ஒரு கலை என்று அறிந்தவர்கள் வெட்டியது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்து, கரையில் வீடுகள் ஏறி, பல இடங்களில் அந்த வலை இன்று பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. மழை முன்னைவிட வேகமாக இறங்கும் காலத்தில் வடிகால் பாதியாக இருக்கிறது. கோடையில் தூர்வாரும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பெரிய ஆறுகளுக்குக் கிடைக்கும் கவனம் சிறு வடிகால்களுக்குக் கிடைப்பதில்லை என்பதைக் கடைமடைக்குப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அறுவடைக் காலத்தில்தான் இந்த மாற்றம் நெஞ்சை அறுக்கிறது. முன்பெல்லாம் தை மாதம் வெயிலுக்கு உத்தரவாதமான மாதம். அரிவாளால் அறுத்து, அரியை வயலிலேயே ஒன்றிரண்டு நாள் காயப் போட்டு, கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடித்த தாளை மாடு விட்டு மிதித்துத் தூற்றி, கலக்கணக்கில் அளந்து, பத்தாயத்திலும் குதிரிலும் கொட்டினார்கள். அந்த நெல் களத்துக்கு வரும்போதே காய்ந்திருந்தது. வைக்கோல் போர் ஆண்டு முழுவதும் மாட்டுக்கு உணவானது. ஒரு வேலி நிலத்தை அறுத்துக் கரையேற்ற எத்தனையோ கைகள் வேண்டும். அத்தனை குடும்பங்களுக்கும் அந்த நாட்களில் நெல் கூலி உண்டு. முதுகு ஒடிக்கும் வேலை அது. அதைச் செய்தவர்களின் பிள்ளைகள் அதைவிட்டுப் போனதில் நான் குறை காண மாட்டேன்.

இன்று அறுவடை இயந்திரம் ஒரு மா நிலத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. நிலம் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும். சேறாக இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்கும், அதற்கு வாடகை கூடுதல், நேரமும் கூடுதல். மழை பெய்தால் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் பெல்ட் வண்டி தேவைப்படுகிறது; அத்தனை வண்டிகள் இருப்பதில்லை. இயந்திரம் கொட்டும் நெல் ஈரமாக வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கும் காட்சிக்கு இதுவே காரணம். களம் என்ற பொது இடம் சுருங்கிப்போனதால், தார்ச்சாலை களமாகிவிட்டது.

2023 பிப்ரவரியின் முதல் நாட்களில், அறுப்புக்குத் தயாராக நின்ற சம்பா, தாளடி மீது மழை கொட்டியது. மாசியை நெருங்கும் தைக் கடைசியில் அப்படியொரு மழை வருவதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. முற்றிய கதிர்கள் சாய்ந்து நீரில் கிடந்தன, பல இடங்களில் தாளிலேயே முளைத்தன. ஈரப்பத வரம்பை 20 சதவீதமாகத் தளர்த்த மத்திய அரசு இசைந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2021 ஜனவரியிலும் பொங்கலை ஒட்டி இதேபோல் பெய்தது. இவ்வாறு அடுத்தடுத்து நடக்கும்போது விதிவிலக்கு என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியவில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு, விதைப்பில் வரும் இழப்பைவிட அறுவடையில் வரும் இழப்பு கொடியது. உரம், கூலி, வட்டி எல்லாம் செலவான பிறகு, கைக்கு எட்டிய நெல் கண்முன் கறுத்துப் போகிறது.

விதையின் கதையில் ஆதாயமும் இழப்பும் பின்னிக் கிடக்கின்றன. தஞ்சை மாவட்டம் 1960இல் நாட்டின் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1965இல் ஏடிடி 27 ரகத்தைக் கொடுத்தது. நாற்பது ஐம்பது ஆண்டுக்குள் மாவுக்கு விளைந்த மூட்டைகளின் எண்ணிக்கை பெருகியது. பஞ்சத்துக்குப் பயந்த ஒரு நாடு அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடானதில் இந்தப் படுகைக்கும் பங்குண்டு. அந்த வேகத்தில் காட்டுயாணமும், குழியடிச்சானும், கட்டைச் சம்பாவும், களர்ப்பாலையும் வயலைவிட்டு விலகின. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளத்தில் நின்றவை, உவர் நிலத்தில் தாக்குப்பிடித்தவை, மழை பிந்தினாலும் பொறுத்தவை என்று ஒவ்வொன்றும் ஒரு துன்பத்துக்கு விடையாக இருந்தது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஊர் ஊராகத் தேடி 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்த விதைகள் ஆயிரக்கணக்கான உழவர்களிடம் இருந்தன. 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய நாகை நிலங்களை மீட்கும் முயற்சியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவருடன் இருந்தவர்களும் நம்பியது இத்தகைய விதைகளைத்தான்.

ஆராய்ச்சி நிலையங்களும் சும்மா இருக்கவில்லை. படுகையில் நீண்டகாலமாகப் பயிராகும் சிஆர் 1009 ரகத்துக்கு வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து சிஆர் 1009 சப்-1 என்று கொடுத்தார்கள். இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் அது மீண்டெழும். அந்த மரபணு கிடைத்தது ஒடிசாவின் தாழ்நிலங்களில் எளிய உழவர்கள் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பழைய நெல்லில். பரிசோதனைக்கூடமும் பத்தாயமும் ஒன்றுக்கொன்று பகை என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு விதைக்கும் எல்லை உண்டு. முழுகினால் பிழைக்கும் நெல், பூக்கும்போது தண்ணீர் இல்லாவிட்டால் பதராகும். அறுப்பின்போது மழை வந்தால் அதுவும் முளைக்கும்.

இரவு வெப்பத்துக்கு இதுவரை நிறைவான விதை யாரிடமும் இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் நடந்த நீண்டகால ஆய்வொன்று 2004இல் வெளியானது. பயிர்க்காலத்தின் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாக அது கண்டது. பகலில் சேர்த்த சத்தைச் சூடான இரவில் பயிர் மூச்சிலேயே செலவழித்துவிடுகிறது.

கடலோரத்தில் மாற்றம் மெதுவாக நடக்கிறது, அதனால் செய்தியில் வருவதில்லை. படுகை என்பது ஆறு கொண்டுவந்த வண்டலால் ஆன மண். ஆண்டுதோறும் வெள்ளம் புதிய வண்டலைப் போட்டுக்கொண்டிருந்த வரை நிலம் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டது. அணைகள் நீரோடு வண்டலையும் நிறுத்திவிட்டன. கீழே நிலம் தாழ, எதிரே கடல் உயர்கிறது. உலகக் கடல்மட்டம் 1900க்குப் பிறகு 20 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியிருக்கிறது. தட்டையான நாகைக் கரையில் 20 சென்டிமீட்டர் என்பது முகத்துவாரத்திலிருந்து உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவரும் உயரம். முன்பு ஆற்றில் நன்னீர் ஓடி அதை வெளியே தள்ளியது. இப்போது ஓடாத மாதங்களே அதிகம். மேல்படுகையில் ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் பம்புசெட் இருக்கிறது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில் பல இடங்களில் போர் போட்டால் உப்பு வருகிறது. மழைக்கும் ஆற்றுக்கும் அடுத்தபடி அவர்களுக்கு மூன்றாவது வழி கிடையாது.

புயலைப் பற்றிச் சொல்லும்போது ஆதாயத்தையும் சொல்ல வேண்டும். 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபோது, முன்கூட்டியே எச்சரிக்கை வந்து, முகாம்கள் திறந்து, மக்களை வெளியேற்றியிருந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. செயற்கைக்கோளும் அரசு நிர்வாகமும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் அவை. மரங்களை வெளியேற்ற முடியாது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் ஓர் இரவில் விழுந்தன. தண்ணீர் தேதி தவறத் தொடங்கிய பிறகு நெல்லைக் குறைத்துத் தென்னைக்கு மாறியவர்களும் அவற்றை இழந்தவர்களில் உண்டு. நட்டு ஆறேழு ஆண்டுக்குப் பிறகே காய்க்கும் மரம் அது. மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் அந்தத் தோப்பையே வங்கி போல வைத்திருந்த குடும்பங்கள் விடிந்ததும் வெட்டவெளியைப் பார்த்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காற்றின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தானும் சிதைந்தது.

இவை அனைத்துக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழில்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. 2015இல் பாரிஸில் உலக நாடுகள் முயன்று நிறுத்துவோம் என்று குறித்த எல்லை 1.5. ஓர் ஆண்டின் கணக்கை வைத்து அந்த எல்லை நிரந்தரமாகக் கடக்கப்பட்டது என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதில் ஐயமில்லை.

இந்த வாயுவை ஏற்றியவர் தலைஞாயிற்றின் உழவர் இல்லை. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னிலும் கடைமடைக் கூலித் தொழிலாளியின் பங்கு மிகச் சிறிது. செலவை ஏற்றியவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் நெல் வயலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தேங்கிய நீரின் அடியில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நெல் வயல்களிலிருந்து வருகிறது. அதைக் கணிசமாகக் குறைக்க வழி உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல், மண் லேசாக வெடிக்கும் வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. ஒற்றை நாற்று நடவோடு சேர்ந்து இம்முறை பரவியபோது தண்ணீரும் மிச்சமாகும் என்று கண்டார்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் வரும் என்ற உறுதி உள்ளவர் துணிந்து காயவிடுவார். முறை வைத்து விடும் நீர் அடுத்த வாரம் வருமா என்று தெரியாதவர், வந்ததை வரப்பு மட்டத்துக்குத் தேக்கி வைத்துக்கொள்வார். அவரிடம் சிக்கனம் பேசுவதற்கு முன், தண்ணீரின் நாளை உறுதிசெய்து தர வேண்டும்.

அதனால்தான் இதைத் தனி உழவரின் திறமைக்கு விட்டுவிட முடியாது என்கிறேன். ரகத்தை மாற்றினார், நேரடி விதைப்புக்குப் போனார், இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார், தென்னை வைத்தார், கடன் வாங்கினார். தன் பங்கைச் செய்து முடித்துவிட்டார். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் கூரையும் நெல் உலர்த்தும் இயந்திரமும் வைப்பது, ஐப்பசிக்கு முன் சிறு வடிகால் வரை தூர்வாரி ஊர் மக்கள் முன்னிலையில் கணக்குக் காட்டுவது, இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வருவது ஆகியவை அரசும் சமூகமும் செய்ய வேண்டிய வேலை. வடிகால் மேல் வீட்டுமனை போட்டு விற்பவரிடம் மனை வாங்காமல் இருப்பது நகரத்தில் இருக்கும் நம் வேலை. ஆனால் காற்றில் ஏறும் வாயுவை நிறுத்தாமல் இவற்றை மட்டும் செய்துகொண்டிருந்தால், பத்து ஆண்டுக்கு ஒருமுறை இவை அனைத்தையும் மேலும் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

படுகையின் வடக்கு ஓரத்திலேயே இதற்கு ஒரு சோதனை நடக்கிறது. நெய்வேலியில் 1962இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இருண்டு கிடந்த ஊர்களில் விளக்கு எரிந்தது, பம்புசெட் ஓடியது. நிலம் கொடுத்த கிராமங்கள் மறைந்தன. அன்று வேறு வழி இருக்கவில்லை என்பதை ஏற்கலாம். இன்று தமிழகத்தின் காற்றாலைகளின் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய மின்சாரமும் அதற்கு இணையாக வளர்ந்துவிட்டது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. மூடியதன் பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டுக்குப் புதிய பழுப்பு நிலக்கரி நிலையம் எழுந்தது.

2020 பிப்ரவரியில் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஆண்களும் பெண்களும் மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்ததன் பயன் அது. 2023 மார்ச் இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தன. ஊர்கள் எழுந்தன, சட்டமன்றம் ஒரே குரலில் பேசியது, பத்து நாள் அளவில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் கதிர் வர இருந்த பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின.

வடசேரிக்குக் கிடைத்த பதில் வளையமாதேவிக்கும் கிடைக்க வேண்டும். நெய்வேலியின் மீதி அலகுகளை எந்தெந்த ஆண்டில் மூடுவது, அங்கே உழைப்பவர்களுக்கும் ஏற்கெனவே நிலம் இழந்தவர்களுக்கும் என்ன வாழ்வாதாரம் தருவது, அந்த மின்சாரத்தின் இடத்தில் எது வருவது என்று எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பை நெடுவாசலில் நடந்தது போலக் கிராமத்தாரிடமே மறுபடியும் விட்டுவிடாமல், அவர்கள் விளைவித்த அரிசியை உண்ணும் நகரத்தார் இந்த முறை முதலில் கேட்க வேண்டும்.